கோவிலுக்கு எதிரே ஒரு கோட்டை

இருபது வருடமாகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் சுமந்து சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலுக்கு நடந்து வருகிறேன். நேர்த்திக்கடன் முடிந்து வெளியே வந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் ஃபோர்ட் கேனிங் மலை. ஒருமுறைகூட ஏறியதில்லை. மகள் உயர்நிலை ஒன்றில் வரலாறு படிக்க ஆரம்பித்த பிறகுதான் ஏறினேன்.

முதல் தடவை தலைக்கு 40 வெள்ளி கட்டி, வழிகாட்டியோடு போகும் நடைப்பயணத்தில் சேர்ந்தோம். அந்தக் காசுக்கு மனசு ஆறவில்லை. தோபி காட் பக்கம் இருக்கும் சுழல்படிக்கட்டில் எல்லாரும் படம் எடுத்து முடிக்கவே பாதி நேரம் ஓடிவிட்டது. கோட்டை வாசலில் நின்றது இரண்டே நிமிடம். “அப்பா, கதவத் தொட்டுக்கூடப் பாக்கல” என்றாள் மகள். அடுத்த ஞாயிறு நாங்களே போனோம், காலை ஏழரைக்கு, செலவில்லாமல்.

கோட்டை என்றதும் செஞ்சி, வேலூர் மாதிரி நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 1859இல் வேலை தொடங்கி 1861இல் முடித்த கோட்டையை 1907இல் இடித்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு வாசல், கொஞ்சம் மதில், சில பீரங்கிகள், ஆள் யாருக்கும் தெரியாமல் வெளியேறுவதற்கான ஒரு சின்ன இரகசிய வழி. ஆனால் அந்த வாசல் ஒன்றே போதும். கனத்த மரக்கதவு. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன், அசைவே இல்லை. மகள் காதை ஒட்டவைத்து விரலால் தட்டிப் பார்த்தாள். சுவரின் கனத்தை அளக்க இரண்டு கைகளையும் விரித்தாள், எட்டவில்லை. கீழே செட்டியார்கள் கோவில் எழுப்பியதும் இதே 1859தான். ஒரே வருடத்தில் அடிவாரத்தில் முருகனுக்குக் கோவில், உச்சியில் பீரங்கிக்கு மேடை! இத்தனை வருடம் இது தெரியாமல்தான் சாலையின் இந்தப் பக்கமே நின்றிருக்கிறேன்.

என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது வெள்ளைக்காரன் கோட்டை இல்லை, அதற்கு ஐந்நூறு வருடம் முந்தைய மதில். 14ஆம் நூற்றாண்டில் இது தெமாசெக் ஊர், சிங்கப்பூரின் பழைய பெயர் அது. சயாம்காரர்கள், அதாவது இன்றைய தாய்லாந்துக்காரர்கள், எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களில் வந்து ஒரு மாதம் முற்றுகையிட்டார்கள், ஊர்க்காரர்கள் கதவை அடைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள், ஜாவாவின் தூதர் அந்த வழியாக வந்ததும் சயாம்காரர்கள் ஓடிவிட்டார்கள் என்று வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 1349 வாக்கில் எழுதிவைத்தார். 1822 பிப்ரவரியில் ஜான் கிராஃபர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அந்த மதிலின் மிச்சத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். அடியில் 16 அடி அகலம், 8, 9 அடி உயரம், ஓடையை ஒட்டிக் கடற்கரையிலிருந்து மலை வரை. அவர் அப்போது போய்க்கொண்டிருந்ததும் சயாமுக்குத்தான், தூதராக.

அகழாய்வுக் குழியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். 1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் இந்த மலையில் தோண்ட ஆரம்பித்தார். சீனப் பீங்கான் ஓடு, கண்ணாடித் துண்டு, மணி எல்லாம் கிடைத்தன. மேலே மன்னர் வாழ்ந்த மலை என்பதால் மலாய்க்காரர்கள் ஏற அஞ்சினார்கள், புக்கிட் லாராங்கான் என்றே பெயர், தடைசெய்த மலை.

அப்படியே இறங்கித் தேசிய அரும்பொருளகத்துக்குள் போங்கள். 1928இல் இந்த மலையில் நீர்த்தேக்கம் கட்ட மண் வெட்டிய தொழிலாளிகள் கையில் சிக்கிய தங்க நகைகள் அங்கே இருக்கின்றன. அதில் ஒரு கைவளை, மேல்கைக்குப் போடுவது. அதில் ஒரு முகம். பிதுங்கிய கண்ணும் விரிந்த வாயுமாக. நான் பார்த்த உடனே சொல்லிவிட்டேன், “இது நம்ம கோவில் திருவாசி உச்சியில இருக்குற கீர்த்திமுகம்ல?” ஜாவாவில் இதைக் காலா என்பார்கள். கண்ணாடிப் பெட்டி முன்னால் எனக்குத் தொண்டை அடைத்தது. பால்குடத்தோடு எத்தனை முறை அந்த முகத்தின் கீழே நின்றிருக்கிறேன்!

இந்த மலைக்குள் இருக்கும் நிலத்தடிப் பதுங்கறையில்தான் 1942 பிப்ரவரி 15இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடையும் முடிவை எடுத்தார்கள். அதற்கு ஒரு தனி நாள் வையுங்கள், இதோடு சேர்க்காதீர்கள்.

போகிறவர்களுக்கு: காலணி நல்ல பிடிமானமாக இருக்கட்டும், மழைக்குப் பின் படிக்கட்டு வழுக்கும். தண்ணீர் கொண்டு போங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு நகரும் படி இருக்கும் பக்கமாக ஏறச் சொல்லுங்கள். கோட்டை வாசலுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

அந்தப் பழைய தெமாசெக் மதில் எங்கே என்று மகள் கேட்டபடியே இருந்தாள். அரும்பொருளகத்தை விட்டு வெளியே வந்து ஸ்டாம்ஃபர்ட் ரோடு பேருந்து நிறுத்தத்தில் நின்று, “இதோ, இந்த வழியாத்தான் ஓடுச்சு” என்றேன். அவள் சாலையைப் பார்த்துவிட்டுக் கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். “இவ்வளவு உயரமாப்பா?” “இன்னும் கொஞ்சம் தூக்கும்மா.” குதிகாலை உயர்த்தி நின்றாள். எங்கள் பேருந்து வந்தது, அடுத்ததில் போகலாம் என்று விட்டுவிட்டோம்.