பைருவேட்டா, செனான் கூண்டா? ஒரு நிமிட ஆயுளுக்குள் பேச வேண்டிய மூலக்கூறுகள்

எம்.ஆர்.ஐ. கருவியின் 3 டெஸ்லா காந்தப்புலத்தில், உடல் வெப்பநிலையில், சிறு காந்தங்களைப் போன்ற கார்பன்-13 அணுக்கருக்களுக்குக் கிடைக்கும் ஒருபக்கச் சாய்வு பத்து லட்சத்துக்கு இரண்டு அல்லது மூன்றுதான். எஞ்சியவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. அந்தச் சொற்ப மிச்சத்திலிருந்துதான் சமிக்ஞை வர வேண்டும். மிகைமுனைவாக்கம் என்ற உத்தி இந்தச் சாய்வைப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் உயர்த்துகிறது. திரவக் கரைசலில் இதைச் சாதிக்க முடியும் என்று ஆய்வாளர் ஆர்டன்கியார்-லார்சனும் சகாக்களும் 2003இல் காட்டினார்கள்.

உயர்த்திய கணமே அது வடியத் தொடங்கிவிடும். படம் எடுக்க அனுப்பும் ஒவ்வொரு ரேடியோ துடிப்பும் அதிலிருந்து கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும், எடுத்தது திரும்பாது. ஆகவே உணரியின், அதாவது உடலுக்குள் போய்ச் சேதி சொல்லும் மூலக்கூறின், வடிவமைப்பில் எத்தனை மடங்கு உயர்த்தினோம் என்பதைவிட, இருக்கும் ஆயுளை எந்தக் கேள்விக்குச் செலவிடுகிறோம் என்பதே பெரிது என்று நினைக்கிறேன். சர்க்கரை செல்லுக்குள் உடையும்போது உண்டாகும் பைருவேட்டும், கூண்டு மூலக்கூறுக்குள் அடைபடும் செனான் வாயுவும் இதற்கு நேர்எதிரான விடைகளைத் தருகின்றன.

பைருவேட்டில் மூலக்கூறேதான் உணரி. பைருவிக் அமிலத்துடன் இணையில்லா எலெக்ட்ரான் கொண்ட ஒரு பொருளைச் சிறிது கலந்து, தனிச்சுழி வெப்பநிலைக்கு ஏறத்தாழ ஒரு பாகை மேலே உறைய வைக்கிறார்கள். நுண்ணலை பாய்ச்சினால் எலெக்ட்ரானின் சாய்வு கார்பனுக்கு இடம் மாறும். பிறகு கொதிநீரில் சட்டென்று கரைத்து, வடிகட்டி, அமிலத்தன்மையையும் வெப்பத்தையும் சரிபார்த்து, இரத்த நாளத்தில் ஏற்ற வேண்டும். இதற்கே ஒரு நிமிடத்தை ஒட்டிப் போய்விடும். சாய்வு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வடிய ஆகும் தளர்வு நேரமும் சுமார் ஒரு நிமிடம்தான். அதாவது ஊசி ஏறும்போது கையிலிருப்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மூன்றாவது நிமிட முடிவில் இருபதில் ஒன்று.

அந்த ஒரு நிமிடமும் தற்செயலாகக் கிடைத்ததல்ல. கார்பன்-13 வைத்துக் குறியிடுவதற்குத் தேர்ந்தெடுத்த முதல் கார்பனில் ஹைட்ரஜன் எதுவும் நேரடியாக ஒட்டியிருக்காது. பக்கத்தில் ஹைட்ரஜன் இருந்தால், அதன் காந்தப்புலம் தள்ளாடித் தள்ளாடிச் சாய்வை உறிஞ்சிவிடும். தவிர்க்க முடியாத ஹைட்ரஜன் இருந்தால் அதன் இடத்தில் கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தை வைப்பது இந்தத் துறையின் பால பாடம்.

பைருவேட் செல்லுக்குள் நுழைந்து, நொதியின் கைபட்டு லாக்டேட்டாக மாறும்போது நிறமாலையில் நடப்பதைப் பாருங்கள். 171 பி.பி.எம்.-இல் (அதிர்வெண் எவ்வளவு விலகுகிறது என்பதைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு எனச் சொல்லும் அளவு) நிற்கும் உயர்ந்த முகடு மெல்லத் தணிய, 183-இல் புதிதாக ஒன்று முளைத்து எழுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காத அளவுக்கு விலகி நிற்கின்றன. பல புற்றுக்கட்டிகள் ஆக்ஸிஜன் இருக்கும்போதும் லாக்டேட்டைக் குவிப்பவை என்பதால், இரண்டாம் முகடு எழும் வேகமே கட்டியின் சுபாவத்தைச் சொல்கிறது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 31 பேரிடம் நடந்த முதல் மனிதச் சோதனை 2013இல் வெளியானது. என்னை இன்றும் வியக்க வைக்கும் வேலை அது.

ஆனால் பைருவேட் அதன் வேதிமாற்ற வழியில் என்ன நடக்கிறதோ அதைத்தான் சொல்லும். வேறொரு புரதத்தைத் தேடச் சொல்லி அதன் மேல் ஒரு கொக்கியை மாட்டினால் நொதி அதை ஏற்காது. பெரிய புரதத்தோடு ஒட்டினாலோ சுழற்சி மந்தமாகி, ஆயுள் சரிந்துவிடும்.

செனான் கூண்டு இந்தக் கட்டிலிருந்து விடுபடுகிறது. ரூபிடிய ஆவியின் மீது 795 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சி, அந்தச் சாய்வைச் செனான்-129க்குக் கடத்துகிறார்கள். மந்த வாயு என்பதால் அது எதோடும் வினைபுரியாது. ஆனால் அதன் எலெக்ட்ரான் மேகம் தொட்டாற்சிணுங்கி போன்றது. நீரில் இருப்பதற்கும் கிரிப்டோபேன் என்ற கூண்டு மூலக்கூறுக்குள் இருப்பதற்கும் நூறு பி.பி.எம்.-க்கு மேல் வித்தியாசம். கூண்டுக்கு வெளியே எந்தக் கொக்கியை மாட்டுவது என்பது வேதியியலாளரின் விருப்பம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 2001இல் பயோட்டின் என்ற வைட்டமினை மாட்டி, அதை இறுகப் பற்றும் அவிடின் புரதம் வந்து சேர்வதைக் கண்டார்கள்.

அதே பெர்க்லியில் 2006இல் வந்த உத்தி இன்னும் அழகு. கூண்டுக்குள் இருக்கும் சில செனான் அணுக்களைத் தேடாமல், கூண்டின் அதிர்வெண்ணில் அவற்றின் சாய்வை அழித்துக்கொண்டே இருப்பார்கள். அணுக்கள் உள்ளே நுழைவதும் வெளியேறுவதுமாக இருப்பதால், வெளியிலுள்ள பெருங்கூட்டத்தின் சமிக்ஞை குறையும். அந்தக் குறைவைத்தான் அளக்கிறார்கள். சில நுண்ணுயிர்கள் தாமே உண்டாக்கும் வாயுக் குமிழிகளைக் கூண்டாகப் பயன்படுத்தலாம் என்று 2014இல் தெரிந்தது. மரபணு வழியே செல்லையே கூண்டு கட்ட வைக்கலாம் என்பது இதன் பொருள்.

சிக்கல் எங்கே? உள்ளிழுத்த செனான் நுரையீரலைக் கடந்து இரத்தத்தில் சிறிதளவே கரைகிறது. அங்கே அதன் ஆயுள் சில நொடிகள்தான். கிரிப்டோபேனை நீரில் கரைய வைப்பதே தனிப் போராட்டம். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது நுரையீரலின் காற்றோட்டத்தைப் படம் எடுக்கும் வாயுவுக்கு. கூண்டு உணரிக்கு அல்ல. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

இரு அணுக்கருக்களின் சுழற்சியும் எதிரெதிராக இணைந்த ஹைட்ரஜன் வாயுவான பாராஹைட்ரஜனையும் இரிடிய வினையூக்கியையும் கொண்டு நொடிகளில் சாய்வை ஏற்றும் முறையும் உண்டு. 2009இல் யார்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அது செலவைக் குறைக்கும். எந்த மூலக்கூறை வடிவமைப்பது என்ற கேள்வியை அப்படியே விட்டுவிடும்.

நோயாளிக்கு இப்போதே பயன்பட வேண்டுமென்றால் என் தேர்வு பைருவேட். ஆய்வுக்கூடத்தில் புதிய இலக்கைத் தேட வேண்டுமென்றால் செனான். இரண்டுக்கும் நடுவே என் ஆசை நைட்ரஜன்-15 மீதுதான். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் நைட்ரஜன்-15 வைத்த டிரைமெத்தில்பினைல் அம்மோனியம் என்ற மூலக்கூறின் மெத்தில் ஹைட்ரஜன்களை எல்லாம் டியூட்டீரியமாக மாற்றி, தளர்வு நேரத்தைப் பத்து நிமிடங்களுக்கு மேல் நீட்டினார்கள். அதே சட்டகத்தில் பக்கக் குழுவை மட்டும் மாற்றி, கால்சியம் அயனிக்கு ஒன்று, ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு ஒன்று என உணரிகளையும் செய்தார்கள். நைட்ரஜனின் காந்த வலிமை புரோட்டானில் பத்தில் ஒன்று என்பதால் சமிக்ஞை மெலிந்தே வரும். ஆனாலும், பத்து நிமிடம் இருந்தால் மருந்து இதயத்தைத் தாண்டி, திசுவுக்குள் புகுந்து, தேடியதைச் சந்தித்துவிட்டுப் பேச நேரம் இருக்கிறது.