பழைய பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்: என் 38,500 ரூபாய் போன விதம்

இன்று மத்தியானம் எனக்குப் பழைய பேஸ் கிட்டார் விற்ற கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அதனால்தான் இந்தப் பதிவு. 38,500 ரூபாய். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி எடுத்த பணம்.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாசிக்கிறேன். ஆறு வருஷமாக இரவல் கிட்டார்தான். இந்த கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்காவது சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஊட்டி, குன்னூரில் தேடிப் பார்த்ததில் சாதா கிட்டார்தான் கண்ணில் பட்டது. கீழே ஒரு நகரத்தில் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கிற கடை. ஆன்லைனில் படம் போட்டிருந்தார்கள். ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் கிட்டார், மெக்ஸிகோவில் செய்தது, 2006 மாடல், கூடவே பாஸ் (Boss) என்ற கம்பெனியின் கோரஸ் பெடல், அதாவது கிட்டார் சத்தத்தை மாற்றிக் கொடுக்கும் காலால் அழுத்தும் பெட்டி. இரண்டும் சேர்த்து 38,500.

வீடியோ காலில் கடைக்காரரோடு பேசினேன். விலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "நீங்க எதுல வாசிக்கிறீங்கம்மா? கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க" என்றார். போனைச் சுவரில் சாய்த்து வைத்து, நாங்கள் ஆராதனையில் வாசிக்கும் ஒரு பாட்டின் பேஸ் வரியை வாசித்தேன். முழுசும் கேட்டார். "நானும் கொயர்லதான் கத்துக்கிட்டேன். இந்தக் கைக்கு நல்ல கருவி போய்ச் சேரணும். வேற ஆளு 42,000 கேட்டான், உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்" என்றார். ஆறு வருஷத்தில் என் வாசிப்பை அப்படி உட்கார்ந்து கேட்டவர் யாருமில்லை. அந்த இடத்தில்தான் விழுந்தேன். அப்புறம் அவர் கிட்டாரை எடுத்து வாசித்தார், அருமையாக இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால், அவர் கை ஐந்தாவது ஃப்ரெட்டை (கம்பிகளுக்கு அடியில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) தாண்டவே இல்லை. அன்று இரவே யுபிஐயில் முழுப் பணத்தையும் போட்டுவிட்டேன். பில் கேட்டதற்கு, "பார்சல்ல வச்சிடறேம்மா" என்றார். பில் வரவில்லை.

பார்சல் வந்த அன்றே தெரிந்துவிட்டது. ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே தடித்த கம்பி கடகடவென்று அடிக்கிறது, மெல்லிய கம்பியில் சில இடங்களில் சத்தமே எழவில்லை. அருவங்காட்டில் எங்களுக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பல வருஷம் பேண்டில் வாசித்தவர். அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். துப்பாக்கி குறி பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கை, அதாவது கிட்டாரின் நீளமான கழுத்துப் பகுதியை, நீளவாக்கில் பார்த்தார். "முறுக்கிக்கிச்சு பாப்பா" என்றார். ட்ரஸ் ராடில் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகக் கம்பி) ஆலன் கீயை விட்டால் அது சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது, உள்ளே மழுங்கிப் போயிருக்கிறது. நெக்கைக் கழற்றினோம். திருகு ஓட்டைகள் பொருந்தாமல் உள்ளே தீக்குச்சியைச் செருகி முறுக்கியிருந்தார்கள். நெக் ஒரு கிட்டாருடையது, பாடி வேறு ஏதோ ஒன்றினுடையது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். சீரியல் நம்பர் எம்.எக்ஸ்.14 என்று தொடங்குகிறது. மெக்ஸிகோ ஃபெண்டர்களில் எம்.எக்ஸ். வந்ததே 2010 வாக்கில்தான். 2006-இல் செய்ததென்றால் எம்.இசட்.6 என்று இருந்திருக்க வேண்டும். அந்த நம்பரின் படம் முதல் நாளிலிருந்தே என் போனில்தான் இருந்தது.

பெடலும் அப்படியே. 9 வோல்ட் பெடலுக்கு 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் கடைக்காரர். பத்து நிமிஷத்தில் கருகிய வாடை.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். முதல் நாள்: "மேல குளிரு, மிஸ்ட்டு. மரம் வளையத்தான்மா செய்யும்." நான் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். ஐப்பசி மழையில் கிட்டார் நெக் வளைவது எனக்குத் தெரியாதா? அது மெதுவாக முன்னாலோ பின்னாலோ வளையும், ட்ரஸ் ராடைக் கால் சுற்றுத் திருப்பினால் சரியாகும். வந்த அன்றைக்கே கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளாது. இரண்டாம் முறை, "டெக்னீஷியன் ஊர்ல இல்ல." மூன்றாம் முறை, "பண்டிகை முடியட்டும்." நேற்று சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை: "உங்களுக்கு டியூனிங் தெரியலம்மா. வீட்ல அப்பா, அண்ணன் யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க." என் வாசிப்பைக் கேட்டுப் பாராட்டிய அதே வாய். 38,500 ரூபாயை வாங்கும்போது அப்பாவைக் கேட்கவில்லையே!

வாங்குகிறவர்களுக்கு நிறைய எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. வீடியோவில் கடைசி ஃப்ரெட் வரைக்கும் ஒவ்வொரு கம்பியிலும் வாசிக்கச் சொல்லுங்கள். ட்ரஸ் ராடைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். சீரியல் நம்பரும் சொல்லும் வருஷமும் பொருந்துகிறதா என்று பணம் போடும் முன்பே பாருங்கள். பெடலுக்கு அடாப்டரைச் செருகும் முன் வோல்ட்டைப் படியுங்கள். பில் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முடிந்தால் பஸ் ஏறிக் கீழே போய்க் கையில் எடுத்து வாசித்துப் பார்த்து வாங்குங்கள், ஒரு நாள் லீவு போனால் போகட்டும்.

நாளைக் காலையில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடப் போகிறேன். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ ரசீது இருக்கிறது, அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இருக்கிறது. சனிக்கிழமை கேரல் ரவுண்ட்ஸுக்கு மறுபடியும் அதே இரவல் கிட்டாரைக் கேட்டிருக்கிறேன்.