‘வெள்ளை’ என்று மட்டும் போட்டிருந்தால் துணியை வெட்டிவிடாதீர்கள்

குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கிற போர்வை) தைக்கிறவர்களுக்கு, அதிலும் பின்னணிக்கு பிளைன் வெள்ளைத் துணி வாங்குகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் பட்டது இன்னொருவருக்கு வேண்டாம்.

அக்கா மகளுக்காக ஒரு நட்சத்திர குவில்ட் ஆரம்பித்தேன். வரிசைக்கு 8 வீதம் 8 வரிசை, மொத்தம் 64 பிளாக், அதாவது துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரங்கள், ஒவ்வொன்றும் 9 அங்குலம். நட்சத்திரங்கள் கருநீலம், பச்சை, மஞ்சள். பின்னணி முழுக்க வெள்ளை. இணையத்தில் துணி விற்கிற ஒருவரிடம் முதலில் 2 மீட்டர் வாங்கினேன். 40 பிளாக் முடிந்தபோது துணி தீர்ந்துவிட்டது. மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை, அது என் தப்பு.

அதே விற்பனையாளரிடம் அதே பெயர், அதே படம், அதே எண் பார்த்து இன்னும் 2 மீட்டர் கேட்டேன். “முன்பு அனுப்பிய அதே துணிதானே?” என்று கேட்டுத்தான் பணம் கட்டினேன். “அதேதான், மாற்றமே இல்லை” என்று எழுத்தில் பதில் வந்தது.

நான் இரவில்தான் தைப்பேன். எல்.இ.டி. விளக்கடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசமே தெரியவில்லை. நான்கைந்து இரவில் 16 பிளாக் தைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னல் ஓரம் தரையில் எல்லாவற்றையும் பரப்பினேன். பழைய 40 பிளாக்கும் பெட்டிக்குள் பல வருடம் கிடந்து பழுப்பேறியது போல இருந்தன. புதிய 16-ம் நீலம் தூக்கலாகப் போட்டு அலசியது போலப் பளிச்சிட்டன. ஒரே குவில்ட்டுக்குள் இரண்டு குவில்ட்.

முதலில் வந்தது உண்மையில் ஆஃப்-ஒயிட், லேசாக மஞ்சள் சாயல் உள்ள வெள்ளை. இரண்டாவதாக வந்ததுதான் பளிச் வெள்ளை. இரண்டையும் அவர் ‘வெள்ளை’ என்ற ஒரே பெயரில் விற்றிருக்கிறார்.

இரவில் ஏன் தெரியவில்லை என்று தேடிப் படித்தேன். பளிச் வெள்ளைத் துணிகளில் பெரும்பாலும் ஆப்டிகல் பிரைட்னர் என்ற பொருளை ஏற்றியிருப்பார்கள். வெயிலில் இருக்கிற, நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை அது உள்வாங்கி, நீல ஒளியாகத் திருப்பி அனுப்பும். அந்த நீலம் துணியின் மஞ்சளை அடக்கிவிடுவதால்தான் அவ்வளவு வெண்மை. வீட்டில் எரிகிற சாதாரண எல்.இ.டி. விளக்கில் புற ஊதா ஏறக்குறைய இல்லை. பிரைட்னருக்கு அங்கே வேலையில்லை, ஆகவே இரண்டும் ஒன்றாகத் தெரியும். போன் கேமராவையும் நம்பாதீர்கள். தனித்தனியாகப் படம் எடுத்தால், வெள்ளையைத் தானாகவே சரிசெய்து இரண்டு துணியையும் ஒரே மாதிரி காட்டிவிடும்.

கள்ள நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச் ஒன்றை வாங்கி, இருட்டறையில் இரண்டு துண்டின் மேலும் அடித்தேன். இரண்டாவது நீலமாக எரிந்தது. முதலாவது மங்கலாகவே கிடந்தது. துவைக்காத துண்டில்தான் இதைச் செய்ய வேண்டும். பல சோப்புத் தூள்களில் பிரைட்னர் இருப்பதால், துவைத்த துணியும் ஒளிரும்.

சந்தேகம் வந்ததால் இரண்டிலிருந்தும் நூல் உருவி, எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். பழையது காகிதம் எரிகிற வாசனையோடு பொடிச் சாம்பலானது. புதியது சுருங்கி உருகி, ஓரத்தில் கெட்டியான மணி போல நின்றது. அதாவது பாலியெஸ்டர் கலப்பு. 100% பருத்தி என்று சொல்லித்தான் விற்றிருந்தார். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது: இரண்டாவது துண்டின் இரண்டு கரையும் (பெரும்பாலும் மில்லின் பெயர் இருக்கிற நெய்த ஓரம்) கிழித்து எடுக்கப்பட்டிருந்தன. முதல் துண்டில் கரை அப்படியே இருந்தது.

எழுதிக் கேட்டேன். “வெள்ளையில் என்ன வித்தியாசம்? இரண்டு தடவை துவைத்தால் ஒன்றாகிவிடும்” என்றார். ஒரு வெட்டுத் துண்டைத் துவைத்தும் பார்த்தேன். கொஞ்சம் நெருங்கி வந்தது, ஒன்றாகவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, வாங்குகிற மில் மாறிவிட்டது, பெயரை மட்டும் மாற்றவில்லை என்று ஒப்புக்கொண்டார். வெட்டிய துணியைத் திரும்ப எடுக்க மாட்டாராம். வெட்டிய துணி வேண்டாம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் “அதேதான்” என்று தெரிந்தே பொய் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, எந்த வெள்ளை எதற்கு? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதலில் உங்கள் பிரிண்ட் துணிகளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பூவுக்கும் இலைக்கும் நடுவே இருக்கிற வெள்ளை எப்படிப்பட்டது? அது பளிச் வெள்ளையாக இருந்து, பின்னணி ஆஃப்-ஒயிட்டாக இருந்தால், பின்னணி அழுக்காகத் தெரியும். அது க்ரீம் நிறமாக இருந்து, பின்னணி பளிச் வெள்ளையானால், பிரிண்ட் பழசாகத் தெரியும். அழுத்தமான பிளைன் நிறங்களுக்குப் பளிச் வெள்ளை எடுப்பு. பழுப்பு, மங்கல் சிவப்பு, பழைய சட்டைத் துணிகளுக்கு ஆஃப்-ஒயிட்தான்.

உள்ளே வைக்கிற பஞ்சு விரிப்பையும் மறக்காதீர்கள். வெளுக்காத பருத்தி விரிப்பு மஞ்சளாக, கொட்டைத் துணுக்குகளோடு இருக்கும். மெல்லிய வெள்ளையின் அடியில் அது தெரியும். வெள்ளைக்கு வெளுத்த விரிப்பே நல்லது. அடர்நிறத் துணியின் கால் அங்குலத் தையல் விளிம்பு வெள்ளைப் பக்கம் மடங்கினாலும் நிழலடிக்கும். இஸ்திரி போடும்போது விளிம்பை அடர்நிறப் பக்கம் சாய்த்துவிடுங்கள்.

16 பிளாக்கையும் பிரித்தேன். விளிம்பு நைந்துபோனதில் 8 பிளாக்குக்கான நட்சத்திரங்கள்தான் தேறின. இன்னொருவரிடம் முதலில் மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் பழைய பிளாக் மேலேயே வைத்துப் பார்த்த பிறகுதான் ஆஃப்-ஒயிட் வாங்கினேன். குவில்ட் இப்போது 48 பிளாக்கில் முடிந்திருக்கிறது, 54-க்கு 72 அங்குலம்.

நீங்கள் கேட்க வேண்டியவை இவை: எந்த லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி), கரையோடு வருமா, பிரைட்னர் ஏற்றியதா, 100% பருத்தியா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். துணி வந்ததும் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, பெயர், தேதி, லாட் எண் எழுதி பின் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த விற்பனையாளர் கடைசியில் பாதிப் பணத்தைத் திருப்பியது, இரண்டு துண்டையும் ஜன்னலோரம் வைத்து எடுத்த படத்தோடு அவருடைய அந்த “அதேதான்” பதிலையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான்.