ஹட்டனிலிருந்து லண்டன்: நேராகவா, துபாய் வழியாகவா?

மகளின் பிரசவத்துக்கு லண்டன் போக வேண்டும் என்று, இரண்டு டிக்கட் விலை எழுதிய துண்டுக் காகிதத்தோடு பக்கத்து வீட்டு அக்கா வந்தார். துபாய் வழியாகப் போவது மலிவு. ஆனால் அது ஊர் சுற்றிப் போகிற பாதை என்று அவருக்கு நினைப்பு.

தூரத்தில் அப்படியொன்றும் சுற்று இல்லை. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் சுமார் 8,700 கிலோமீட்டர். துபாய்க்கு 3,300, அங்கிருந்து ஹீத்ரோவுக்கு 5,500, ஆக 8,800. கூடுதலாகப் பறப்பது, ஹட்டனிலிருந்து அவிசாவளை போய்வருகிற தூரம்கூடக் கிடையாது. மகனுடைய உலக உருண்டையில் கொழும்புக்கும் லண்டனுக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினேன். நூலிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளித்தான் துபாய் இருந்தது.

நேரம்தான் உதைக்கிறது. நேர் விமானம் சுமார் 11 மணி நேரம். துபாய் வழியில் நாலரையும் ஏழரையுமாகப் பன்னிரண்டு, அதற்கு மேல் நடுவில் காத்திருப்பு. 3 மணி நேரம் காத்திருந்தால் 15. எட்டு என்றால் 20. மலிவு டிக்கட் கண்ணில் பட்டால் நான் முதலில் தேடுவது இந்தக் காத்திருப்பைத்தான்.

டிக்கட்டில் உள்ள மணிகளை அப்படியே கழித்துப் பார்த்தும் ஏமாறக்கூடாது. கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. கோடையில் பகல் 1 மணிக்கு ஏறி அங்கே இரவு 7.30க்கு இறங்கினாலும் பறந்தது 11 மணி நேரம்தான். திரும்பும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடலாம்.

அப்புறம், நம்முடைய பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. கினிகத்தேனையில் பனிமூட்டம், கித்துல்கல வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஒரு கூட்டம் என்று, கட்டுநாயக்க போய்ச் சேர நாலைந்து மணி நேரம். விமான நிலையத்தில் 3 மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். பகல் 1 மணி விமானத்துக்கு விடியற்காலை ஐந்துக்கே வான் வண்டி கிளம்பணும். இதற்கு மேல் துபாயிலும் எட்டு மணி நேரம் உட்காருவது இளசுகளுக்குச் சரி.

மகள் மான்செஸ்டரிலோ கிளாஸ்கோவிலோ இருந்தால் கதையே வேறு. துபாயிலிருந்து அந்த ஊர்களுக்கே விமானம் உண்டு. நேர் விமானத்தில் ஹீத்ரோவில் இறங்கி, மறுபடி பஸ்ஸில் மணிக்கணக்காகப் போவதைவிட அதுதான் புத்திசாலித்தனம். ஒரே டிக்கட்டாக எடுத்தால் பெட்டியும் கடைசி ஊரில் வந்துவிடும். தனித்தனி டிக்கட் வேண்டாம். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நமக்காக நிற்காது.

"மகள் எங்க இருக்கா?" என்றேன்.

"லண்டன்லதான், குரொய்டன்."

"அப்ப நேராகவே போங்க. முழங்கால் வலின்னா, டிக்கட் போடும்போதே சக்கர நாற்காலியும் கேட்டுருங்க."

அக்கா மலிவு விலையைக் கோடு கிழித்து அடித்துவிட்டு, வானை எத்தனை மணிக்கு வரச் சொல்லணும் என்று கேட்டார். ஐந்து என்றேன். காகிதத்தில் நாலரை என்று எழுதிக்கொண்டார்.