ரோசேசியாவுக்கு மெட்ரோனிடசோல் ஜெல்: மாதக்கணக்கில் பூசும்போது தெரியவருபவை

ரோசேசியா என்பது முகம் சிவந்து காந்தி, பருக்கள் வரும் தோல் நோய். மெட்ரோனிடசோல் 0.75% ஜெல் அந்தப் பருக்களை அடக்கும், ஆனால் மெதுவாகத்தான். முதல் இரண்டு மூன்று கிழமையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. முழுப் பலனைப் பார்க்க 8 முதல் 12 கிழமை பிடிக்கும். அதற்குள் "இது எனக்குச் சரிவரேல்ல" என்று விட்டுவிடுவதுதான் பெரிய நட்டம்.

பருவும் அதைச் சுற்றிய சிவப்பும் குறையும். மூக்கோரத்தில் வெளியே தெரியும் இரத்த நாளங்கள் போகாது. வெயில் பட்டதும் முகம் காந்துவதும் நிற்காது. மாநிறத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியாது. அதனால் எரிவும் சூடும் புதுப் பருக்களும் குறைகின்றனவா என்றே பாருங்கள்.

பூசுவது காலையும் இரவும். வாசனை இல்லாத மென்மையான கிளென்சரால் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவி, துவாயால் ஒற்றி, 15 நிமிடமாவது காயவிடுங்கள். ஈரத்தில் பூசினால் எரியும். சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரு கன்னம், மூக்கு, நாடிக்கு மெல்லியதாகப் பூச அது போதும். இந்தக் கணக்கில் 30 கிராம் ட்யூப் ஒரு மாதம் வரும். பத்து நாளில் முடிந்தால் அப்புகிறீர்கள். மூன்று மாதம் கிடந்தால் பருவின் மேல் மட்டும் தொட்டு வைக்கிறீர்கள். பரு வரும் இடம் முழுவதும் பூச வேண்டும். ஜெல் காய்ந்தபின் மொய்ஸ்சரைசர், பகலில் சிங்க் ஒக்சைட் உள்ள சன்ஸ்கிறீன். தோல் உரிந்தால் ஜெல்லுக்குப் பதில் கிறீம் வடிவத்தை டொக்டரிடம் கேளுங்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் மருந்து கேட்காமல் போனதுபோல் இருக்கும். மருந்தில் பிழையில்லை. வெயில், ஹெல்மெட்டுக்குள் அடையும் புழுக்கம், விறகடுப்பு, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பிளேன்டீ எல்லாம் நாளங்களை விரிக்கும். பிளேன்டீயை ஆற்றிக் குடித்தாலே சிலருக்கு வித்தியாசம் தெரியும். ட்யூபை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வேகவிடாதீர்கள்.

முகத்தை உண்மையில் கெடுப்பது ஸ்டீரொய்ட் கிறீம். பீட்டாமெதசோனோ குளோபெட்டசோலோ பூசினால் சில நாளில் முகம் தெளியும். நிறுத்தியதும் முன்னையதைவிட மோசமாகத் திரும்பும். அதற்காக மறுபடி பூச, தோல் மெலிந்து நாளங்கள் நிரந்தரமாகத் தெரியத் தொடங்கும். என்ன கலந்தது என்று லேபலில் எழுதாத வெள்ளையாக்கும் கிறீம்களிலும் ஸ்டீரொய்ட் இருக்கலாம். டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல் பாமசியில் "முகத்துக்கு ஒரு கிறீம்" கேட்டு வாங்காதீர்கள். ஏற்கெனவே பூசியிருந்தால் தோல் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்தும் முறையை அவர்களே சொல்லட்டும்.

12 கிழமையிலும் அசையாவிட்டால் ஐவர்மெக்டின் 1% கிறீம் பற்றிக் கேட்கலாம். நாளுக்கு ஒரு தடவைதான். அசெலெயிக் அமிலம் 15% ஜெல் தொடக்கத்தில் நன்றாக எரியும், கடிக்கும். ஆனாலும் பரு விட்டுப்போன கருமையையும் குறைப்பதால் எங்கள் தோலுக்கு அதை இன்னும் உயர்வாகச் சொல்லலாம்.

கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி உறுத்தலோ இமையோரச் சிவப்போ இருந்தால் ரோசேசியா கண்ணையும் பிடித்திருக்கலாம். இமையில் ஜெல் பூசாமல் கண் கிளினிக்குக்குப் போங்கள்.