மலையில் டயாலிசிஸ்: ஊட்டிக்குப் போய்வருவதா, வீட்டிலேயே பை மாற்றுவதா?

சிறுநீரகம் கைவிட்டுவிட்டது, டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நீலகிரியில் எல்லோருக்கும் ஆஸ்பத்திரி மெஷின்தான் நினைவுக்கு வருகிறது. சிஏபிடி என்று ஒன்று இருக்கிறது, வயிற்றுக்குள் இருக்கும் சவ்வையே வடிகட்டியாக்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. தெரிந்தவர்களும் பயந்து விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவருக்கு எது என்றாலும் ஓடிவிடும். மஞ்சூரைத் தாண்டி கிண்ணக்கொரையில் இருப்பவருக்கு அப்படி இல்லை.

ஆஸ்பத்திரியில் பெரிய நிம்மதி, எல்லாம் பழகின கைகளில் நடக்கிறது, நோயாளி படுத்திருந்தால் போதும். முதலமைச்சர் காப்பீட்டில் செலவும் அடங்கிவிடும். ஆனால் வாரம் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம், மலையில் அது முழு நாள். இடைப்பட்ட நாட்களில் உடம்பில் தேங்கின நீரை அந்த 4 மணி நேரத்துக்குள் இழுப்பதால் எழுந்திருக்கும்போது பலருக்குப் பிரஷர் இறங்கிவிடும், கால் பிடித்து இழுக்கும். அந்த உடம்போடு கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் பயணம். எங்கள் பெரியப்பா சிகிச்சையைவிட அந்தத் திரும்பி வருகிற பயணத்துக்குத்தான் அதிகம் பயந்தார். விடிகாலை பஸ்ஸுக்குத் தேயிலைக்காடு வழியே இருட்டில் நடந்தால் காட்டெருமை நிற்கும், சில இடங்களில் கரடி. துணைக்கு வருகிறவருக்கு அன்றைய கூலியும் போச்சு.

அப்புறம் மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மண் சரிந்து ரோடு அடைபட்டால் டயாலிசிஸ் முறை தவறுகிறது, தவறினால் நீர் கோத்து மூச்சு முட்டும், பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறும்.

வீட்டு முறையில், சின்ன ஆபரேஷன் செய்து வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள், புண் ஆறியதும் பயிற்சி தருவார்கள். 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, 4 முதல் 6 மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டுப் புதுப் பை மாட்ட வேண்டும். நாளுக்கு 3 அல்லது 4 முறை, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். கரண்ட் வேண்டாம், ஊசி வேண்டாம். கழிவு தினமும் நிதானமாக வெளியேறுவதால் அந்தத் துவளல் இல்லை, சாப்பாட்டில் பொட்டாசியக் கட்டுப்பாடும் பலருக்குத் தளர்கிறது. வடியும் நீரோடு புரதம் போய்விடுவதால் முட்டை, மீன் கூடுதலாக வேண்டும். திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் சர்க்கரை நோயாளிகள் கவனமாக இருக்க வேண்டும். இரவில் தூங்கும்போது தானே மாற்றித் தரும் மெஷினும் உண்டு, ஆனால் காற்றடித்தாலே கரண்ட் போகிற ஊர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

யாரும் முதலிலேயே சொல்லாத விஷயம் பைகளின் கனம். நாளுக்கு 4 என்றால் மாதம் 120 பை, ஏறக்குறைய 240 கிலோ. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளும் சேர்ந்திருப்பது பெரிய உதவி. ஆனாலும் ரோட்டிலிருந்து படி இறங்கிப் போகிற எஸ்டேட் லைன் வீட்டில் அத்தனை பெட்டியை எங்கே அடுக்குவது? உறைபனிக் காலத்தில் பை ஐஸ் போல இருக்கும், உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவராமல் ஏற்றினால் வயிறு வலிக்கும், நடுங்கும். வெந்நீரில் போடவே கூடாது, ஈரம் பட்டால் கிருமி நுழையும், ஆஸ்பத்திரியில் சொல்லித்தருகிறபடி உலர்ந்த சூட்டில்தான் வைக்க வேண்டும்.

கிருமிதான் இந்த முறையின் உண்மையான ஆபத்து. சுவரெல்லாம் பூஞ்சை, ஒரே அறையில் சமையலும் படுக்கையும், உதவிக்கு ஆளில்லை என்றால் கஷ்டப்பட்டாவது ஆஸ்பத்திரிக்கே போங்கள், முடிந்தால் ஊட்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு. ஈரமில்லாத ஒரு மூலை, கதவைச் சாத்திக்கொள்ள வசதி, கை கழுவ சுத்தமான தண்ணீர், கூடவே பயிற்சி எடுத்த இன்னொருவர், இவ்வளவும் இருந்தால் தூரத்து ஊர்க்காரருக்கு வீட்டு முறைதான் நல்லது என்று அழுத்தமாகச் சொல்வேன். வயிற்றில் முன்பு பெரிய ஆபரேஷன் நடந்திருந்தால் இது ஒத்துவராமல் போகலாம், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்றில் ஆரம்பித்து இன்னொன்றுக்கு மாறவும் முடியும்.

வீட்டு முறை எடுத்தவர்கள் ஒவ்வொரு முறையும் வடித்த பையை அச்செழுத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரியாமல் நீர் கலங்கியிருந்தால், வயிற்றுவலியோ காய்ச்சலோ வரட்டும் என்று காத்திருக்காமல் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜூன் மழை பிடிப்பதற்கு முன்பே கூடுதலாகக் கொஞ்சம் பைகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.