டாஷ்போட்டைக் கழற்றவேயில்லை, 1,582 டொலரை எடுத்துக்கொண்டார்கள்: பழைய ட்றக் வைத்திருப்பவர்கள் கவனம்

ஸ்காபரோவில் பழைய பிக்கப் ட்றக்கோடு வேலைக்கு ஓடுகிற எல்லாரும் இதை வாசியுங்கோ. கோபம் அடங்கின பிறகு எழுதுங்கோ என்று மனிசி சொன்னா. அடங்காது. நேற்றுப் பின்னேரம்தான் உண்மை தெரிந்தது. ட்றக்கின் ஹீற்றர் கோரை மாற்றினோம் என்று சொல்லி, மாற்றாமலே 1,582 டொலர் எடுத்துவிட்டார்கள். கடைப்பெயர் போடவில்லை. எங்கட ஆக்களே நடத்துகிற ஒரு சின்னக் கராஜ், அவ்வளவுதான் சொல்லுவேன். இப்படி ஏமாறாமலிருக்க என்ன செய்யவேணும் என்பதைக் கடைசியில் விபரமாக எழுதுகிறேன்.

என்னுடையது 2002ஆம் ஆண்டு ட்றக். ட்றைவோல் (வீட்டுச் சுவருக்கு அடிக்கிற போட்) வேலைச் சாமான் முழுக்க அதில்தான் போகும். இந்த வின்ரர் தொடங்கியதும் உள்ளே ஒரு இனிப்பு மணம் வந்தது. ஹீற்றரைப் போட்டால் முன்கண்ணாடியில் ஆவி படியும், துடைத்தால் எண்ணெய்ப் பசையாக இழுபடும். பக்கத்து சீற்றின் கால்மாட்டுக் காப்பெற் நனைந்திருந்தது. கூலன்ற், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம், குறைந்துகொண்டே போனது, வண்டிக்குக் கீழே ஒரு சொட்டுமில்லை. விடியற்காலை இருட்டில் 401 நெடுஞ்சாலையில் கண்ணாடி மறைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கோ.

ஹீற்றர் கோர்தான் காரணம். டாஷ்போட்டுக்குள் இருக்கிற சின்ன ரேடியேற்றர் அது. எஞ்சினிலிருந்து வரும் சுடு கூலன்ற் அதற்குள்ளால் ஓடும், விசிறி அதனூடாகக் காற்றைத் தள்ளும், எங்களுக்கு வருகிற சூடு அதுதான். காலத்துக்கு மாற்றாத கூலன்ற் அமிலத்தன்மையாகி உள்ளே அரிக்கும், பிறகு ஓட்டை விழும். சாமானுக்குப் பெரிய விலையில்லை, கூலிதான் கொல்லும். பல ட்றக்குகளில் ஸ்ரியறிங்கை இறக்கி, டாஷ்போட்டை முழுசாக வெளியே எடுத்தால்தான் அதில் கை வைக்கலாம். ஏசி குழாயும் அதே பெட்டிக்குள் போனால் வாயுவை முறைப்படி எடுக்கவும் வேணும். ஒரு நாள் வேலை. யாரும் உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அந்த முதலாளி என்னை எப்படி நம்பவைத்தான் என்பதுதான் இப்பவும் நெஞ்சுக்குள் நிக்குது. கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்து, "பாருங்கோ அண்ணை, இது தண்ணி இல்லை, கூலன்ற்" என்றான். காப்பெற்றைத் தூக்கி மணக்கச் சொன்னான். அவன் சொன்ன நோய் சரி. அதில்தான் மனம் இளகியது. "வேறை இடத்திலை ரெண்டாயிரத்துக்கு மேலை கேப்பினம். நீங்கள் எங்கட ஆள், கூலி சாமான் எல்லாம் சேத்து ஆயிரத்து நானூறு, ராக்ஸ் வேறை" என்றான். ஊர் கேட்டான், தன் ஊர் சொன்னான், தேத்தண்ணி தந்தான். எழுத்தில் மதிப்பீடு கேட்டபோது, "எங்களுக்குள்ளை என்ன பேப்பர் அண்ணை" என்றான். 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரியோடு 1,582 டொலர் கட்டினேன். ரசீதில் ஒரே வரி: ஹீற்றர் வேலை. பழைய கோரைக் காட்டச் சொன்னேன். குப்பைக்குள் போட்டாச்சாம்.

கொஞ்ச நாள் நல்ல சூடு. பிறகு மெல்ல மெல்லக் குளிர்காற்று, அதோடு அதே மணம். போன் எடுத்தேன். "பழைய வண்டி அண்ணை, ஒண்டைத் திருத்த இன்னொண்டு போகும்." அடுத்த முறை, தேர்மோஸ்ராற் பிழையாம், அதற்குத் தனிக் காசாம். நேரே போனால், வேலை செய்த மெக்கானிக் லீவாம். பிறகு முதலாளி ஊருக்குப் போய்விட்டாராம். பின்னால் அவன் குரல் எனக்குக் கேட்கிறது! அண்ணை அண்ணை என்றவன் இப்ப என் நம்பரைக் கண்டாலே கட் பண்ணுகிறான்.

நேற்று பிக்கறிங்கில் இன்னொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பொனற்றைத் திறந்ததுமே சொல்லிவிட்டார். ஹீற்றருக்குப் போகும் இரண்டு ஹோசும் (ரப்பர் குழாய்) பொருந்துகிற இடத்தில் அவற்றை இறுக்கிப் பிடிக்கிற பழைய கிளாம்புகள் துருப்பிடித்து அப்படியே ஒட்டிப்போய் இருக்கின்றன. அவற்றைக் கழற்றாமல் கோரை மாற்ற வழியே இல்லை. டாஷ்போட் ஆணிகளில் வருடக்கணக்கான தூசி, ஒரு கீறலில்லை. கூலன்ற் தாங்கியின் அடியில் மண்ணிறக் கசடு. ஓட்டையை அடைக்கிற மருந்துப் போத்தில் ஒன்றை ஊற்றியிருக்கிறார்கள். அது ஓட்டையைக் கொஞ்ச நாள் அடைத்தது, பிறகு கோரின் குழாய்களையும் சேர்த்து அடைத்தது. ஒரு ஹோஸ் கொதிக்குது, மற்றது வெதுவெதுப்பு. அதனால்தான் சூடும் இல்லை. ரேடியேற்றர் வரைக்கும் கழுவவேணும் என்கிறார். ஒரு போத்தில் மருந்துக்கு 1,582 டொலர்! உடம்பு முறியத் தூக்கின போட்டுகளின் காசு அது.

சரி, புத்திமதிக்கு வருகிறேன், வேலைக்கு நேரமாகுது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எழுத்தில் மதிப்பீடு தரவேணும், அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டிக் கேட்க முடியாது. எழுதாமல் சாவியைக் கொடுக்காதேங்கோ. கழற்றிய பழைய சாமானையும் உங்களுக்குத் தர முன்வரவேணும், அதைக் கண்ணால் காணாமல் காசு கட்டவேண்டாம். டாஷ்போட் வெளியே இருக்கும்போது ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. புதுச் சாமானுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துதோ அதுவரை உத்தரவாதம் சட்டத்திலேயே இருக்கு. "பழைய வண்டிக்கு வொறன்ரி இல்லை" என்றால் நம்பாதேங்கோ. நான் கிளாம்பு, ஆணி, கசடு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், முறைப்பாடு போகுது.

கூலன்ற் நஞ்சு, இனிப்பு மணத்துக்கு நாய் பூனை நக்கும். காப்பெற் நனைந்திருந்தால் சின்னப் பிள்ளையளை அந்த வண்டியில் ஏற்றாதேங்கோ.